இருபது கோப்பை, இரண்டு கிளப்

2025 ஜூன் 1. அதிகாலை இரண்டு மணி தாண்டியிருந்தது. மியூனிக்கில் பாரிஸ் சாங் ஜெர்மாங் ஐந்தாவது கோலையும் போட்டு முடித்திருந்தது. ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல் வித்தியாசம் அதற்கு முன் வந்ததே இல்லை. இன்டர் மிலான் வீரர்கள் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் பாயில் அக்கா மகன். கல்லூரியில் சேரப் போகிறவன், ஆர்சனல் ரசிகன். அரையிறுதியில் ஆர்சனலைத் தோற்கடித்தது இதே பாரிஸ் அணிதான். அந்த வருத்தம் குரலில் இருந்தாலும் அழுத்தமாகவே சொன்னான்: "மாமா, இந்த கப்பை யார் எடுத்தாலும் சரி, யூரோப்பை ஆளுறது இங்கிலீஷ் கிளப்புங்கதான். இந்த வருஷம் மூணு கப்புல ரெண்டு அவங்களுக்குத்தான் போச்சு."

அவன் சொன்னது சரிதான். இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கை டாட்டன்ஹாம் வென்றது, மூன்றாம் நிலையான கான்ஃபரன்ஸ் லீக்கை செல்சி வென்றது. "ஸ்பெயின்டா" என்றேன். "அது ரியல் மாட்ரிட், மாமா. ஸ்பெயின் இல்ல" என்று உடனே பதில் வந்தது. பால்காரர் வரும்வரை பேசினோம். அவன் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் பல நாள் மனதில் நின்றது. ஒரு நாட்டுக் கிளப்புகள் ஆதிக்கம் செலுத்துகின்றன என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்? அன்றைக்கு அவனுக்குப் பாதிதான் பதில் சொன்னேன். மீதி இங்கே.

முதலில் கணக்கு. 1956 முதல் 2025 வரை 70 இறுதி ஆட்டங்கள். 1992 வரை யூரோப்பியன் கப், அப்புறம் சாம்பியன்ஸ் லீக். பெயர்தான் மாறியது, கோப்பை ஒன்றுதான். ஸ்பெயின் 20, இங்கிலாந்து 15, இத்தாலி 12, ஜெர்மனி 8, நெதர்லாந்து 6, போர்ச்சுகல் 4, பிரான்ஸ் 2. ஸ்காட்லாந்து, ருமேனியா, யூகோஸ்லாவியாவுக்கு ஆளுக்கு ஒன்று.

அக்கா மகனின் வாதம் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பெயினின் 20 கோப்பையில் 15 ரியல் மாட்ரிட்டுடையது, 5 பார்சிலோனாவுடையது. மூன்றாவது கிளப் கிடையாது. அத்லெட்டிகோ மாட்ரிட் 1974, 2014, 2016 என மூன்று முறை இறுதி வரை வந்து தோற்றது. வலென்சியா 2000, 2001 என்று அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றது. இங்கிலாந்தின் 15ஐ ஆறு கிளப்புகள் பங்கிட்டிருக்கின்றன: லிவர்பூல் 6, மான்செஸ்டர் யுனைடெட் 3, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2, செல்சி 2, ஆஸ்டன் வில்லா 1, மான்செஸ்டர் சிட்டி 1. எந்த நாட்டில் அதிக ஊர்க்காரர்கள் இந்தக் கோப்பையைக் கையில் தூக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால், பதில் சந்தேகமில்லாமல் இங்கிலாந்து.

ஆனால் அந்த முதல் நாற்பது வருடங்களில் "நாடு" என்பதே வேறு பொருளில் இருந்தது. பிரெஞ்சுப் பத்திரிகையான லெக்கிப்பின் கேப்ரியல் அனோ கொடுத்த யோசனையில் 1955ல் போட்டி தொடங்கியது. 1997 வரை பொதுவாக ஒரு நாட்டிலிருந்து லீக் சாம்பியன் மட்டும்தான் போக முடியும். நடப்புச் சாம்பியனுக்குத் தனி இடம் உண்டு. ஒரு நாட்டுக்கு ஒரு கிளப் என்னும்போது அந்த வெற்றியை நாட்டின் பெயரில் எழுதுவது அன்றைக்கு இயல்பாக இருந்திருக்கும். முதல் வருடம் இங்கிலாந்துச் சாம்பியன் செல்சி. உள்நாட்டு லீக் நிர்வாகம் தடுத்ததால் போகவில்லை. அந்த முதல் போட்டியில் இங்கிலாந்து என்ற நாடே இல்லை.

அந்தக் கோப்பையையும் அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றது ரியல் மாட்ரிட். 1960ல் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில், 1,27,000க்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை 7-3 என்று வென்ற ஆட்டத்தை இன்றும் வீடியோவில் பார்க்கலாம். புஷ்காஷ் நான்கு கோல், டி ஸ்டெஃபனோ மூன்று. இதில் டி ஸ்டெஃபனோ அர்ஜென்டினாவில் பிறந்தவர். புஷ்காஷ் ஹங்கேரிக்காரர், 1956ல் அவர் நாட்டில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் ஊர் திரும்பாமல், விளையாடத் தடை விதிக்கப்பட்டு, 31 வயதில் மாட்ரிட்டுக்கு வந்தவர். பின்வரிசையைத் தாங்கிய சான்டமரியா உருகுவேயில் பிறந்தவர். ஏழு கோலும் ஸ்பெயினுக்கு வெளியே பிறந்தவர்கள் அடித்தவை. வந்தவர்களுக்கு ஒரு பெரிய மைதானத்தையும் நல்ல சம்பளத்தையும் கொடுத்து, அவர்களைச் சுற்றி ஓர் அணியைக் கட்டியது சான்டியாகோ பெர்னபேயூ என்ற கிளப் தலைவரின் வேலை. அதை ஸ்பெயின் நாட்டுக் கால்பந்தின் சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதுதான் சரி. அது ரியல் மாட்ரிட்.

இங்கிலாந்தின் பொற்காலத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 1977 முதல் 1982 வரை ஆறு வருடம் தொடர்ந்து இங்கிலீஷ் கிளப்புகளே வென்றன, 1984ல் ஏழாவது. லிவர்பூலின் அந்த அணியில் டால்கிளிஷ், சூனஸ், ஹான்சன் மூவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆட்டத்தின் முதுகெலும்பே அவர்கள்தான். 1978ல் வெம்ப்ளியில் கிளப் புரூக்குக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர், முந்தைய வருடம் செல்டிக்கிலிருந்து வந்த டால்கிளிஷ்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டைப் பற்றி நின்று பேசாமல் என்னால் போக முடியாது. 1977ல் அந்த அணி இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து, தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. 1978ல் நாட்டின் சாம்பியன். 1979ல் ஐரோப்பாவின் சாம்பியன். 1980ல் மறுபடியும். பயிற்சியாளர் பிரயன் கிளஃப், அவருடைய துணையாள் பீட்டர் டெய்லர், இந்த இருவரும் மற்ற கிளப்புகள் கணக்கில் எடுக்காத ஆட்களைத் திரட்டி அதைச் செய்தார்கள். ஜான் ராபர்ட்சன் என்று ஓர் இடது விங்கர். பார்த்தால் விளையாட்டுக்காரர் மாதிரியே இருக்க மாட்டார், வேகமும் கிடையாது. கிளஃப் வரும்முன் கிளப்பில் ஓரமாக இருந்தவர். 1979ல் மியூனிக்கில் நடந்த இறுதியில் மால்மோவுக்கு எதிராக அவர் தூக்கிப் போட்ட பந்தில்தான் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி கோல் அடித்தார். 1980 இறுதியில் ஹாம்பர்க்குக்கு எதிராக ஒரே கோலை ராபர்ட்சனே அடித்தார். உள்நாட்டு லீக் பட்டம் ஒன்று, ஐரோப்பியக் கோப்பை இரண்டு என்று வைத்திருக்கும் கிளப் அது. அந்த முதல் வருடம் அவர்கள் முதல் சுற்றிலேயே வீழ்த்தியது, இரண்டு முறை தொடர்ந்து வென்றிருந்த லிவர்பூலை.

அந்தக் காலம் முடிந்த விதம் கொடுமையானது. 1985 மே 29, பிரஸல்ஸில் ஹெய்சல் மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் கூட்டம் பாய்ந்ததில், ஒதுங்க இடமில்லாமல் நெருக்குண்டு, சுவரும் இடிந்து விழ, 39 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் யுவென்டஸைப் பார்க்க வந்த இத்தாலியர்கள். ஆட்டத்தை அதற்குப் பிறகும் நடத்தினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. இங்கிலீஷ் கிளப்புகள் ஐந்து வருடம் ஐரோப்பாவுக்கு வரக்கூடாது என்று தடை வந்தது, லிவர்பூலுக்கு ஆறு. 1985லும் 1987லும் லீக்கை வென்ற எவர்ட்டன் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கு ஒரு முறைகூட மோத முடியவில்லை. திரும்பி வந்தபோது ஆட்டம் இத்தாலிக்காரர்களின் கைக்குப் போயிருந்தது.

இத்தாலியின் ஆதிக்கம்தான் இந்த எழுபது வருடத்தில் நாடு என்ற சொல்லுக்கு முழுக்கப் பொருந்திய ஆதிக்கம் என்பது என் எண்ணம். 1989 முதல் 1998 வரை பத்து இறுதி ஆட்டங்களில் ஒன்பதில் ஓர் இத்தாலிய அணி இருந்தது. மிலான், சம்ப்டோரியா, யுவென்டஸ் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கப்பை (இன்றைய யூரோப்பா லீக்) 1989 முதல் 1999 வரை 11ல் 8 முறை இத்தாலியர்கள் வென்றார்கள்: நபோலி, யுவென்டஸ், இன்டர், பார்மா. 1990ல் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் அந்த ஒரே நாட்டுக்குப் போயின. மரடோனா நபோலியில், மத்தேயுஸ் இன்டரில், வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட் மூவரும் மிலானில். பணம் அங்கே இருந்தது. வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருந்ததால், அந்தப் பணத்துக்குக் கீழே உள்ளூர்த் தரமும் இருந்தே ஆக வேண்டியிருந்தது. மிலானின் பின்வரிசையில் தஸ்ஸோட்டி, கொஸ்டகுர்ட்டா, பரேஸி, மால்தினி, நால்வரும் இத்தாலியர்கள்.

அப்புறம் அது சரிந்தது. கிளப்புகளைத் தூக்கி நிறுத்திய முதலாளிகளின் தொழில்களே விழுந்தன: பார்மாவுக்குப் பின்னால் இருந்த பார்மலாட் பால் நிறுவனம், லாட்ஸியோவுக்குப் பின்னால் இருந்த சிரியோ உணவு நிறுவனம். மைதானங்கள் 1990 உலகக் கோப்பைக்குக் கட்டியபடியே பழசாகிக் கிடந்தன. பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம், கிளப் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்ட முடியாது. இத்தாலி கடைசியாகச் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது 2010ல், இன்டர் மூலமாக. அந்த இரவு ஆட்டத்தைத் தொடங்கிய 11 பேரில் ஓர் இத்தாலியர்கூட இல்லை. கணக்கில் அதுவும் இத்தாலியின் கோப்பைதான்.

எந்த நாடு அதிகம் என்று எண்ணும்போது, கடைசியில் ஒன்று மட்டும் வைத்திருக்கும் நாடுகளைப் பட்டியலின் மிச்சம்போலக் கடந்துபோகிறோம். எனக்கு மிகவும் பிடித்த கோப்பைகள் அந்த மூன்றும்தான்.

1967 மே 25, லிஸ்பன். செல்டிக் 2, இன்டர் மிலான் 1. பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன் இறக்கிய 11 பேரும் கிளாஸ்கோவில் உள்ள தங்கள் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். ஐரோப்பாவின் மிக இறுக்கமான தற்காப்பு அணியை, பக்கத்துத் தெருப் பையன்கள் விடாமல் முட்டி முட்டித் திறந்தார்கள். ஒரு நாட்டின் கால்பந்து ஐரோப்பாவை வென்றது என்று எழுத்துக்கு எழுத்து சொல்ல முடிந்தால் அது அன்றைக்குத்தான்.

1986 மே 7, செவில்லா நகரம். ஸ்டேவா புக்கரெஸ்ட்டும் பார்சிலோனாவும் 120 நிமிடம் கோல் இல்லாமல் ஆடின. பெனால்டியில் பார்சிலோனா அடித்த நான்கையும் ஸ்டேவாவின் கோல்கீப்பர் டுக்கடம் பிடித்தார் அல்லது தட்டிவிட்டார். நான்கையும். கிட்டத்தட்ட மொத்த மைதானமும் எதிரணிக்குக் கத்திக்கொண்டிருந்தபோது.

1991 மே 29, பாரி. பெல்கிரேடின் ரெட் ஸ்டார், மார்செயை பெனால்டியில் வென்றது. அந்த அணியில் மாசிடோனியாவின் பான்செவ் இருந்தார், மான்டினீக்ரோவின் சவிசெவிச் இருந்தார், குரோஷியத் தந்தைக்கும் செர்பியத் தாய்க்கும் பிறந்த புரோசினெச்கி இருந்தார். ஒரு மாதத்துக்குள், ஜூன் 25ல், ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன. போர் மூண்டது. அடுத்த சீசனில் ரெட் ஸ்டார் தன் சொந்த மைதானத்து ஆட்டங்களை ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ஆட வேண்டியிருந்தது. கோப்பை இருக்கிறது, கிளப் இருக்கிறது. எந்த நாட்டின் பெயரில் அதை எழுதினார்களோ அந்த நாடு இல்லை.

இப்போது நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒரு கணக்கு. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்ற ஐந்து பெரிய லீக் நாடுகளை விட்டுவிடுவோம். மற்ற நாடுகள் 1956 முதல் 1995 வரையான 40 இறுதி ஆட்டங்களில் 12ஐ வென்றன. 1996 முதல் 2025 வரையான 30ல் வென்றது ஒன்றே ஒன்று: 2004ல் போர்ட்டோ.

12ல் கடைசியானது 1995ன் அயாக்ஸ். அந்த வருடம் டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றம் பாஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜான்-மார்க் பாஸ்மன் பெல்ஜியத்தைச் சேர்ந்த சாதாரண மிட்ஃபீல்டர். ஒப்பந்தம் முடிந்தும் அவரை பிரான்சின் டன்கெர்க்குக்குப் போகவிடாமல் கிளப் பிடித்து வைத்தது, வழக்குப் போட்டார். ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் எதுவும் கட்டாமல் வேறு கிளப்புக்குப் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களை வெளிநாட்டவர் என்று எண்ணி வரம்பு வைக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு தொழிலாளியின் உரிமை என்ற வகையில் அது நியாயமான தீர்ப்பு, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் அதன் பாரம் முழுக்க அயாக்ஸ் மாதிரியான கிளப்புகளின் தலையில் விழுந்தது.

அந்த அயாக்ஸ் அணி பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில் அவர்களே வளர்த்த பையன்களின் அணி. வியன்னாவில் மிலானுக்கு எதிரான ஒரே கோலை அடித்தபோது கிளைவர்ட்டுக்கு வயது 18. அடுத்த வருடமும் இறுதிக்கு வந்து, யுவென்டஸிடம் பெனால்டியில் தோற்றார்கள். 1996ல் டாவிட்ஸ் மிலானுக்குப் போனார், கானு இன்டருக்குப் போனார். 1997ல் கிளைவர்ட் மிலானுக்கும் ஓவர்மார்ஸ் ஆர்சனலுக்கும். பயிற்சியாளர் வான் கால் பார்சிலோனாவுக்கு. 1999ல் வான் டெர் சார் யுவென்டஸுக்கு, டி போர் சகோதரர்களும் லிட்மனனும் பார்சிலோனாவுக்கு. நான்கே வருடத்தில் ஓர் அணி ஆளாளுக்குப் பிரிந்துபோனது. அயாக்ஸ் பயிற்சி மையத்தின் பெயர் டி டோகொம்ஸ்ட், எதிர்காலம் என்று பொருள். இன்றைக்கும் அங்கே பையன்களை அருமையாக வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் அவர்கள் போய்ச் சேருவது பணம் இருக்கும் ஊருக்கு.

சரி, ஸ்பெயினுக்கு வருகிறேன். பழைய 20 கோப்பையை வைத்து ஸ்பெயின் என்று சொன்னால் நான் தோற்றேன். நான் சொன்னதன் காரணம் வேறு.

2001ல் இரண்டு ஸ்பானிய கிளப்புகள் ஒரே மாதத்தில் இறுதி ஆட்டங்களில் தோற்றன. வலென்சியா பயர்ன் மியூனிக்கிடம். அலாவேஸ் என்ற சின்ன கிளப் லிவர்பூலிடம், 5-4 என்று, கூடுதல் நேரத்தில் தங்கள் ஆளே தவறி அடித்த சுய கோலில். அதன் பிறகு 2024 வரை சாம்பியன்ஸ் லீக்கிலோ யூரோப்பா லீக்கிலோ ஒரு ஸ்பானிய கிளப் இறுதிக்கு வந்து வெளிநாட்டு கிளப்பிடம் தோற்றதே இல்லை. எண்ணிப் பார்த்தேன்: 19 இறுதி ஆட்டங்கள், 19 வெற்றி. இரண்டு பக்கமும் ஸ்பானிய அணிகளே ஆடிய நான்கு இறுதி ஆட்டங்களை இதில் சேர்க்கவில்லை. ஒரே ஓர் ஆட்டம், அதிர்ஷ்டமும் பெனால்டியும் ரெஃபரியின் கண்ணும் தீர்மானிக்கக்கூடிய ஆட்டம்; அப்படிப்பட்ட 19 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த 19ல் ரியல் மாட்ரிட்டுக்கு 5, பார்சிலோனாவுக்கு 4. மீதி 10ம் செவில்லா, அத்லெட்டிகோ, வலென்சியா, வில்லாரியல். அக்கா மகனுக்கு நான் சொல்ல விரும்பியது இந்தப் பத்தைத்தான்.

செவில்லா 2000ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப். தங்கள் பழைய கோல்கீப்பர் மோஞ்சியை வீரர் தேர்வுக்குப் பொறுப்பாக வைத்தார்கள். அவர் பேர் தெரியாத ஆட்களைக் கண்டுபிடித்து வாங்கினார், பேர் வந்ததும் விற்றார். செர்ஜியோ ராமோஸ் ரியலுக்கு, டானி ஆல்வெஸும் ராக்கிட்டிச்சும் பார்சிலோனாவுக்கு. விற்றுக்கொண்டே ஜெயித்தார்கள். 2006ல் ஐன்ட்ஹோவனில் மிடில்ஸ்பரோவை 4-0 என்று வென்றது, 1948க்குப் பிறகு அந்த கிளப் எடுத்த முதல் பெரிய கோப்பை. அதிலிருந்து 2023 வரை யூரோப்பா லீக் ஏழு முறை. ஏழு முறையும் இறுதியில் தோற்கவில்லை.

வில்லாரியல் அதைவிடச் சின்னக் கதை. சுமார் 50,000 பேர் வாழும் டைல்ஸ் தொழில் ஊர். மைதானத்தின் பெயரே செராமிக்கா. 2021 மே 26ல் போலந்தின் கதான்ஸ்க்கில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு மோதினார்கள். நம்மூரில் முழு ஊரடங்கு. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. தூக்கம் வராத அந்த நாட்களில் நான் முழுக்கப் பார்த்த ஆட்டம் அது. 1-1 என்று முடிந்து, கூடுதல் நேரமும் போய், பெனால்டி. ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள், எல்லாமே கோல். பத்துப் பேரும் அடித்து முடித்து கோல்கீப்பர்களின் முறை வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வில்லாரியலின் ரூலி அடித்தார், கோல். டேவிட் டி ஹேயா அடித்தார், ரூலி பிடித்தார். 11-10. அந்த கிளப்பின் வரலாற்றில் அதுதான் முதல் பெரிய கோப்பை. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் எழுந்து நின்றேன்.

அந்த அணியின் பயிற்சியாளர் உனாய் எமெரி. செவில்லாவுக்கு 2014, 2015, 2016 என்று மூன்று முறை தொடர்ந்து வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஸ்பெயினின் பதில் எனக்குக் கிடைத்தது இங்கேதான். எமெரி, மிக்கேல் அர்டெட்டா, ஷபி அலோன்சோ, அன்டோனி இரயோலா, இந்த நான்கு பயிற்சியாளர்களும் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் கிபுஸ்கோவா என்ற ஒரே மாகாணத்தில் பிறந்தவர்கள். ஸ்பெயினின் மிகச் சிறிய மாகாணங்களில் ஒன்று அது. சிறுவயதிலிருந்தே பந்தை எங்கே வாங்குவது, வாங்குமுன் எங்கே பார்ப்பது, யாரை இழுத்துவிட்டு யாருக்கு இடம் உண்டாக்குவது என்று கற்றுக்கொடுக்கும் வழக்கம் அங்கே பெரிய கிளப், சின்ன கிளப் என்று பார்க்காமல் பரவியிருக்கிறது. இன்னொன்று, பார்சிலோனா, ரியல் மாட்ரிட் போன்ற கிளப்புகளின் இரண்டாம் அணிகள் நாட்டின் கீழ் டிவிஷன்களில் பெரிய ஆட்களோடு நேருக்கு நேர் ஆடுகின்றன. பத்தொன்பது வயதுப் பையன், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஆடும் முப்பது வயது டிஃபெண்டரிடம் அடி வாங்கி வளர்கிறான். இங்கிலாந்தில் கிளப்புகளின் இளைஞர் அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஒரு லீக் ஆடிக்கொள்கின்றன. 2011 வெம்ப்ளி இறுதியில் பார்சிலோனா இறக்கிய 11 பேரில் 7 பேர் அவர்களுடைய லா மாசியா பள்ளியில் வளர்ந்தவர்கள் என்பது இந்த முறையின் உச்சம்.

இதற்கு எதிராக, 2022ல் லிவர்பூலை வென்ற ரியல் மாட்ரிட்டின் தொடக்க 11ல் கார்வஹால் ஒருவர்தான் ஸ்பெயின்காரர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியாளரும் இத்தாலியரான அஞ்செலோட்டி. என் கணக்கில் அந்தக் கோப்பையை ஸ்பெயினுக்குக் கொடுக்க எனக்கே தயக்கம் உண்டு. அதனால்தான் செவில்லாவையும் வில்லாரியலையும் முன்னால் வைக்கிறேன்.

இங்கிலாந்தின் பக்கம் உள்ள உண்மையும் கனமானது. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்புக்கே டிவி ஒளிபரப்பு முதலான லீக் பங்கு ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. 1992ல் லீக் தொடங்கியதிலிருந்தே உள்நாட்டு டிவிப் பணத்தில் பாதியைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஸ்பெயினில் 2015ல் அரசு ஆணை வரும்வரை ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியே விற்றது. ரியலும் பார்சிலோனாவும் பெரும் பங்கை அள்ளின. அதனால் இன்றைக்கு இங்கிலாந்தில் பத்தாவது இடத்து அணியும், மற்ற நாடுகளில் மேலே இருக்கும் அணியிடமிருந்து ஆளை வாங்க முடிகிறது. ஒவ்வொரு நாட்டு கிளப்புகளின் வெற்றிகளையும் ஐந்து வருடம் கூட்டி, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா போடும் தரவரிசையில் இங்கிலாந்து முதலிடத்தில் இருப்பது இதனால்தான். 2019ல் இரண்டு பெரிய போட்டிகளின் இறுதி அணிகள் நான்கும் இங்கிலாந்திலிருந்தே வந்தன.

2025ல் நடந்தது அதைவிடப் பெரிது. யூரோப்பா லீக் இறுதியில் மோதிய டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் யுனைடெட்டும் உள்நாட்டு லீக்கில் 17, 15 என்ற இடங்களில் முடித்தவை. சொந்த ஊரில் தத்தளித்த இரண்டு அணிகள் ஐரோப்பாவில் எல்லோரையும் தாண்டி வந்தன. அதற்கு ஒரு வாரம் கழித்து, மே 28ல், போலந்தின் விரோட்ஸ்வாஃபில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதி. செவில்லா நகரத்தின் இன்னொரு கிளப்பான ரியல் பெட்டிஸுக்கு ஐரோப்பாவில் அதுதான் முதல் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் எசல்சூலி கோல் அடித்தார். இஸ்கோ நடுவில் நின்று பந்தை நிதானமாகப் பிரித்துக்கொடுத்த அந்த முதல் பாதி அழகாக இருந்தது. 65வது நிமிடம் வரை பெட்டிஸ்தான் முன்னால். அப்புறம் செல்சி நான்கு கோல் அடித்தது. மாற்று வீரராக இறங்கிய சாஞ்சோவும் ஒன்று அடித்தார். பெட்டிஸிடம் அந்த அளவுக்கு இறக்க ஆள் இல்லை. 4-1. 2001க்குப் பிறகு நீண்டிருந்த அந்த வரிசை, இருபத்து நான்கு வருடத்துக்கு அப்புறம், அங்கே அறுந்தது.

இங்கே ஒரு வார்த்தை. பெண்கள் போட்டியில் இந்த நாட்டுப் பட்டியலே வேறு மாதிரி: 2025 வரை ஜெர்மனி நான்கு கிளப்புகள் மூலம் 9, பிரான்ஸ் லியோன் என்ற ஒரே கிளப் மூலம் 8. ஸ்பெயின் 3, இங்கிலாந்து 2. அந்த இங்கிலாந்தின் இரண்டும் ஆர்சனலுடையவை என்று சொன்னபோது அக்கா மகன் முகம் மலர்ந்தது.

ஆக, இந்த நூற்றாண்டின் முதல் கால் பகுதி ஸ்பெயினுடையது என்பதில் நான் இறங்கிவரவில்லை. அதற்கடுத்த பகுதி இங்கிலாந்துடையதாக இருக்கும் என்று அவன் சொல்வதை மறுக்க என்னிடம் பலமான காரணம் இல்லை. பணம் போன இடத்துக்கு ஸ்பெயினின் பயிற்சியாளர்களும் போய்விட்டார்கள். கார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு வாங்கிக்கொடுத்தார். எமெரி ஆஸ்டன் வில்லாவிலும், அர்டெட்டா அவனுடைய ஆர்சனலிலும் இருக்கிறார்கள். அன்றைக்கு பாரிஸ் அணியின் ஓரத்தில் நின்றவரும் ஒரு ஸ்பெயின்காரர், லூயிஸ் என்ரிக்கே.

2025 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு மறுபடி இருவரும் உட்கார்ந்தோம். முப்பது வருடம் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து ஆடும் முதல் ஆட்டம், செவில்லா நகரத்தில், அதே பெட்டிஸுக்கு எதிராக. 2-2 என்று முடிந்தது. ஆட்டத்தின் நடுவே அவனுக்கு ராபர்ட்சனைப் பற்றியும் மியூனிக்கில் விழுந்த அந்தத் தலைமுட்டைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபாரஸ்ட்டுக்கு ரெண்டா, மாமா? ஆர்சனலுக்கு ஒண்ணுகூட இல்லையே."

"ஆமாடா. ரெண்டு."